அலகு ஏன் வளர்ந்ததுன்னு முதல்ல கேளுங்க

"எங்க கிளிக்கு அலகு ரொம்ப நீளமாயிடுச்சு, எங்க கொண்டுபோனா வெட்டி விடுவாங்க?" கிளி வளர்க்கிற நண்பர்களும் அவர்களுடைய நண்பர்களும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இதைத்தான். நான் திருப்பிக் கேட்பது, "அது என்ன சாப்பிடுது?" என்பது. "நான் அலகைப் பத்திக் கேட்டா நீ தீனியைப் பத்திக் கேட்கறியே" என்று சிலர் அலுத்துக்கொள்வார்கள். அவர்களுக்காகத்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

நல்ல தீனி தின்று, கொறிக்க மரமும் கட்டையும் கிடைக்கிற ஆரோக்கியமான கிளிக்கு மனிதன் கை வைத்து அலகைச் சரிசெய்ய வேண்டிய தேவை அநேகமாக வராது. அலகு ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும், தேய்ந்துகொண்டும் இருக்கும். ராத்திரி தூங்கும் முன் கிளி கண்ணை அரைகுறையாக மூடிக்கொண்டு கரக் கரக் என்று ஒரு சத்தம் போடுமே, அது கீழ் அலகை மேல் அலகின் உள்பக்க வரிகளில் உரசுகிற சத்தம். தன் அலகைத் தானே பதமாக வைத்துக்கொள்ள அதற்குத் தெரியும். அதையும் மீறி அலகு நீண்டுகொண்டே போனால் காரணம் வேறு எங்கோ இருக்கிறது. வீட்டுக் கூண்டுக் கிளிகளில் அது பல நேரம் கல்லீரலில் இருக்கிறது.

மஞ்சு வந்த பிறகுதான் இதெல்லாம் எனக்குத் தெரிந்தது.

மஞ்சு ஒரு சன் கன்யூர். உடம்பு முழுக்க மஞ்சளும் ஆரஞ்சும், இறக்கை ஓரத்தில் பச்சை, கறுப்பு அலகு. கயானாவும் வடக்கு பிரேசிலும் சேர்கிற பகுதிதான் இந்த இனத்தின் சொந்த ஊர். பிடித்துப் பிடித்து விற்றதில் அங்கே காட்டில் அழியும் நிலைக்கு வந்துவிட்டது. இங்கே நம் ஊர் அடுக்குமாடி பால்கனிகளில் வருஷத்துக்கு வருஷம் பெருகிக்கொண்டிருக்கிறது. வேலூரில் சித்தப்பா வீட்டில் வளர்ந்தது மஞ்சு. அதை ஆசையாக வாங்கிய தம்பி மேல்படிப்புக்கு வெளிநாடு போய்விட்டான். சித்தப்பாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆனது. சித்தியால் இரண்டு பேரையும் பார்த்துக்கொள்ள முடியவில்லை. "நீ எடுத்துட்டுப் போம்மா, உன்கிட்ட இருந்தா எனக்கு நிம்மதி" என்று கூண்டோடு கொடுத்தார். கூடவே ஒரு பெரிய பை நிறைய சூரியகாந்தி விதை. "இதைத் தவிர வேற எதையும் தொடாது, பார்த்துக்கோ."

வீட்டுக்குக் கொண்டுவந்து வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் அலகின் நிலை முழுசாகத் தெரிந்தது. மேல் அலகு கீழ் அலகைத் தாண்டி வளைந்து இறங்கி, நுனி தொண்டை இறகைத் தொட்டுக்கொண்டிருந்தது. பக்கவாட்டில் அடுக்கடுக்காகச் செதில் பெயர்ந்திருந்தது. விதையை நாக்கால் உருட்டி உடைக்கப் பார்க்கும், நீண்ட நுனி குறுக்கே வரும், விதை நழுவி விழும். குனிந்து அதையே மறுபடி எடுக்கும். ஒரு விதைக்கு அது பட்ட பாட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார முடியவில்லை.

பக்கத்தில் இருந்த பறவைக் கடைக்கு முதலில் போனேன். கடைக்காரத் தம்பி நல்ல பையன்தான், பறவைகளைப் பிரியமாகத் தூக்கிக் கொஞ்சுகிறவன். "அக்கா, ரெண்டே நிமிஷம். நெயில் கட்டர் இருக்கு, டக்குன்னு வெட்டி விட்டுடறேன்" என்றான். பென்சில் சீவுவது போன்ற வேலையாக அவன் இதை நினைத்திருந்தான். ஊரில் பல கடைகளில் அப்படித்தான் நடக்கிறது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அது ஏன் வேண்டாம் என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

அலகில் வெளியே நமக்குத் தெரிகிற கறுப்போ சிவப்போ உள்ள பகுதி, நம் நகம் எதனால் ஆனதோ அதே கெரட்டின். அதற்கு உள்ளே ரத்தக் குழாய்களும் நரம்புகளும் ஓடுகிற உயிருள்ள தோலடுக்கு. அதற்கும் உள்ளே எலும்பு. நுனியருகே தொடு உணர்வுக்கான நரம்பு முனைகள் திரண்டிருக்கும், கிளி ஒரு பொருளை அலகால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பது அதனால்தான். அதாவது வெட்டுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே வலியும் ரத்தமும் காத்திருக்கின்றன. வெளிர் நிற அலகு என்றால் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ரத்தக்குழாய் எதுவரை வந்திருக்கிறது என்று ஓரளவு பார்க்கலாம். மஞ்சுவைப் போலக் கறுப்பு அலகென்றால் ஒன்றும் தெரியாது. அலகு அளவுமீறி வளரும்போது உள்ளே இருக்கிற ரத்தக்குழாயும் சில சமயம் கூடவே நீண்டிருக்கும். நகவெட்டியோ கத்திரியோ வைத்து அழுத்தினால் கெரட்டின் வெட்டுப்பட்ட இடத்தோடு நிற்காமல் நீளவாக்கில் விரிசல் விடும். விரிசல் உயிருள்ள பகுதிவரை ஏறிவிட்டால் அந்த அலகு பழைய வடிவத்துக்குத் திரும்பாமலே போகலாம்.

ரத்தம் வந்தால் என்ன ஆகும்? நூறு கிராம் எடையுள்ள ஒரு கிளியின் உடம்பில் மொத்தமே எட்டு முதல் பத்து மில்லி ரத்தம்தான். இரண்டு டீஸ்பூன். அதில் கொஞ்சம் போனாலும் பெரிய இழப்பு.

அலகு தின்பதற்கு மட்டும் இருக்கிற உறுப்பும் இல்லை. கிளியின் மேல் அலகு மண்டையோட்டோடு ஒரு கீல் போலப் பொருந்தி, தனியாக மேலும் கீழும் அசையும். ஏறும்போது அதுதான் மூன்றாவது கால். 2022இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ரோஸி ஃபேஸ்டு லவ்பேர்டுகளைச் செங்குத்தான பாதையில் ஏறவிட்டு, அலகும் கால்களும் எவ்வளவு விசை கொடுக்கின்றன என்று அளந்தார்கள். உடம்பை மேலே தூக்குவதில் அலகின் பங்கு ஒரு காலின் பங்குக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருந்தது. நுனியை அளவுமீறிக் குறைத்துவிட்டால் கிளி சாப்பிடவும் ஏறவும் இரண்டுக்குமே தயங்கும். "வெட்டிட்டு வந்ததிலிருந்து டல்லா உட்கார்ந்திருக்கு" என்று சிலர் சொல்வார்களே, வலியோடு இதுவும் சேர்ந்த நிலைதான் அது.

சரி, மருத்துவரிடம் போன கதைக்கு வருகிறேன்.

கிளியை வெளியே கொண்டுபோவதென்றால் பெரிய கூண்டு ஆகாது. ஆட்டோ குலுங்கும்போது கம்பியில் மோதி இறக்கை அடிபடும். சின்ன கேரியர் போதும், உள்ளே தாழ்வாக ஒரு குச்சி, கீழே வெள்ளைத்தாள், மூன்று பக்கம் துணி போர்த்தி ஒரு பக்கம் திறந்திருந்தால் நல்லது. வெயில் ஏறும் முன் கிளம்பிவிட வேண்டும். துணிக்குள் பிடிக்கும்போது தீனிப்பை நிறைந்திருந்தால் எதிர்க்களித்துப் புரையேறும், அதனால் கிளம்புவதற்குச் சற்று முன் வயிறு முட்டத் தீனி வேண்டாம். அதற்காகப் பட்டினியும் போடாதீர்கள், சின்னப் பறவைக்கு நெடுநேரப் பட்டினி தாங்காது. இன்னொன்று: அன்று காலையில் கூண்டைச் சுத்தம் செய்யாமல், எச்சம் விழுந்த தாளை அப்படியே மடித்து எடுத்துப் போங்கள். கிளியின் எச்சத்தில் மூன்று பகுதி இருக்கும். பச்சையாகவோ பழுப்பாகவோ மலம், வெள்ளையாக யூரேட், சுற்றிலும் தெளிந்த நீர். அந்த வெள்ளை மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறியிருந்தால் கல்லீரலைச் சந்தேகிக்க வேண்டும். மஞ்சுவின் தாளில் வெள்ளையே இல்லை, எல்லாம் வெளிறிய மஞ்சள்.

காத்திருக்கும் இடத்தில் நாயும் பூனையும் இருக்கும். கேரியரைத் தரையில் வைக்காதீர்கள், மடியிலோ உயரமான மேஜையிலோ வையுங்கள். பூனை இருக்கிற திசையில் துணியை இழுத்துவிடுங்கள். நாய்க்காரர் ஒருவர் அன்று தானாகவே எழுந்து, "நீங்க உள்பக்கம் உட்காருங்கம்மா" என்று இடம் மாறிக்கொண்டார். அந்த மனசுக்கு இன்றும் நன்றி.

அந்த மருத்துவர் ரொம்பக் காலமாகப் பறவைகளைப் பார்க்கிறவர். அவர் முதலில் செய்த காரியமே எனக்கு நம்பிக்கை தந்தது. மஞ்சுவைத் தொடவில்லை. கேரியரை மேஜையில் வைத்து, நான்கடி தள்ளி நின்று, என்னிடம் பேசிக்கொண்டே அதைப் பார்த்தார். மூச்சு விடும்போது வால் மேலும் கீழும் ஆடுகிறதா, இரண்டு காலிலும் சமமாக நிற்கிறதா, இறகைப் புஸ்ஸென்று உப்பி வைத்திருக்கிறதா என்றெல்லாம் கவனித்தார். பறவைகள் நோயை மறைக்கும். வேட்டையாடும் விலங்கின் கண்ணில் பலவீனமாகத் தெரிந்துவிடக் கூடாது என்று கடைசிவரை தெம்பாக நடித்துக்கொண்டிருக்கும். கையில் பிடித்துவிட்டால் பயத்தில் எல்லா அறிகுறியும் கலைந்துபோகும். அதனால்தான் அந்த முதல் சில நிமிஷப் பார்வைக்கு அவ்வளவு மதிப்பு.

அடுத்தது எடை. கிராம் கணக்கில் காட்டும் தராசு. 138 என்றது. "110லேர்ந்து 120க்குள்ள இருந்தா இவளுக்குப் போதும்மா" என்றார். பார்ப்பதற்குக் கொழுகொழுவென்று அழகாக இருக்கிறாள் என்று சித்தி பெருமைப்பட்டதெல்லாம் கொழுப்பு.

அப்புறம் துண்டு. பறவையைப் பிடிப்பதை யார் செய்தாலும் இதை மட்டும் நினைவில் வைத்திருக்க வேண்டும்: பறவைக்கு நம்மைப் போல் உதரவிதானம் கிடையாது. நெஞ்செலும்பு அசைந்தால்தான் காற்று உள்ளே போய் வெளியே வரும். பாசத்தில் இறுக்கிப் பிடித்தாலும் நெஞ்சு அழுந்தினால் அது மூச்சடைத்து இறந்துவிடும். உதவியாளர் துண்டைப் பின்னாலிருந்து போர்த்தி, கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் தாடையின் இரு பக்கமும் வருகிற மாதிரி தலையை மட்டும் நிலையாகப் பிடித்தார். நெஞ்சுப் பக்கம் துண்டு தளர்வாகவே இருந்தது. மஞ்சு போட்ட கூச்சலில் வெளியே இருந்த நாய்கள் எல்லாம் குரைக்க ஆரம்பித்தன. பயத்தில் அதிகமாகத் திமிறுகிற பறவைக்கு மிடசோலாம் என்ற மருந்தை மூக்கில் சொட்டாக விட்டு அமைதிப்படுத்தவும் செய்வார்கள். அன்று அது தேவைப்படவில்லை.

வாயைத் திறந்து டார்ச் அடித்து என்னையும் பார்க்கச் சொன்னார். மேல் அண்ணத்தில் ஒரு நீளப் பிளவு இருக்கிறது, நல்ல நிலையில் இருந்தால் அதன் ஓரங்களில் சின்னச் சின்ன முள் போன்ற நீட்சிகள் வரிசையாக நிற்க வேண்டும். மஞ்சுவுக்கு அவை மழுங்கித் தட்டையாகிக் கிடந்தன. "வைட்டமின் ஏ இல்லை. வெறும் விதைதானே சாப்பிடுது?" என்றார். நான் அதுவரை தீனியைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை.

நெஞ்சுப் பக்கம் இறகை ஸ்பிரிட்டால் நனைத்து விலக்கினார். தோலுக்கு அடியில் மஞ்சளாகக் கொழுப்புப் படலம் அப்பட்டமாகத் தெரிந்தது.

"டாக்டர், அலகை இன்னிக்கே சரி பண்ணிடலாமா?" என்று கேட்டேன்.

"நுனியை மட்டும் கொஞ்சம் தேய்ச்சு விடறேன், சாப்பிட முடியணும் இல்லையா. முழுசா இன்னிக்குக் குறைக்க மாட்டேன். ரத்தம் உறையறதுக்கு வேண்டிய சத்தைத் தயார் பண்றதே கல்லீரல்தான். அது சரியில்லாத பறவைக்குக் கையெல்லாம் வைக்கப்போய் ரத்தம் வந்துச்சுன்னா நிறுத்தறது கஷ்டம். முதல்ல ரத்தம் பார்ப்போம்."

இதை எழுதும்போதும் எனக்கு வயிறு கலங்குகிறது. அலகு நீண்டிருக்கிறது என்பதே கல்லீரல் கெட்டிருக்கலாம் என்பதற்கு அடையாளம். கல்லீரல் கெட்டிருந்தால் ரத்தம் சரியாக உறையாமல் போகலாம். ஆக, அலகு வெட்ட வேண்டிய நிலையில் கடைக்கு வருகிற கிளிதான் நகவெட்டி பட்டால் ரத்தம் நிற்காமல் போகக்கூடிய கிளி. கடையில் வெட்டிக் கூட்டிவந்த மறுநாள் காலை கூண்டின் அடியில் கிடந்தது என்று சொன்னவர்களை எனக்குத் தெரியும். "பயத்துல செத்துடுச்சு" என்றுதான் அவர்களுக்குச் சொல்லப்பட்டது. எல்லாமே பயமாக இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

ரத்தம் எடுத்தது கழுத்தின் வலது பக்கத்தில். பறவைகளுக்கு வலது கழுத்து ரத்தக்குழாய்தான் பெரியது. உடல் எடையில் நூற்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது கணக்கு, அவர் எடுத்தது அரை மில்லிக்கும் குறைவு. பிறகு அலகு. கையடக்கமான ஒரு மோட்டார், நுனியில் சுழல்கிற சின்னச் சாணைக்கல். டிரெமல் என்று சொல்வார்கள். ஒரு தொடல் சில நொடிதான். எடுத்துவிட்டு, தேய்த்த இடத்தில் தன் விரலை வைத்துச் சூடேறியிருக்கிறதா என்று பார்ப்பார், மறுபடி ஒரு தொடல். நகம் கருகுகிற வாசனை அறை முழுக்க வந்தது. தூள் மூக்குத்துளைக்குள் போகாமல் இன்னொரு கையின் விரலால் மறைத்துக்கொண்டார். பக்கத்தில் ரத்தம் நிறுத்தும் பொடி மூடி திறந்து தயாராக இருந்தது, ஆனால் அது தேவைப்படவில்லை. நடுநடுவே நிறுத்தி, தலையை முன்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் பார்த்து, கோணல் இல்லாமல் இருக்கிறதா என்று கவனித்தார். கூராக இறங்கியிருந்த நுனியும் பக்கத்தில் தூக்கிக்கொண்டிருந்த செதிலும் மட்டும்தான் போயின. பார்ப்பவருக்கு அலகு இன்னும் நீளம்தான். மஞ்சுவுக்குப் போதுமானதாக இருந்தது. அன்று சாயங்காலம் விதை நழுவவில்லை.

சோதனை முடிவில் பித்த அமிலத்தின் அளவு ஏறியிருந்தது. எக்ஸ்ரேயில் கல்லீரலின் நிழல் இருக்க வேண்டியதைவிட அகலமாக இருந்தது. கொழுப்புக் கல்லீரல். மருந்தாக லாக்டுலோஸும், கல்லீரலுக்குத் துணையாகச் சைலிமாரினும் எழுதிக் கொடுத்தார். அளவு பறவையின் எடையை வைத்துச் சொட்டுக் கணக்கில் வருவது, அதை இங்கே எழுத மாட்டேன், யாரும் கேட்கவும் வேண்டாம். மருந்தைவிடப் பெரிய வேலை தீனியை மாற்றுவதுதான் என்று சொல்லியனுப்பினார்.

சூரியகாந்திப் பருப்பின் எடையில் பாதி கொழுப்பு. வைட்டமின் ஏ கிட்டத்தட்ட இல்லவே இல்லை, சுண்ணாம்புச் சத்தும் குறைவு. காட்டில் ஒரு சன் கன்யூர் பழமும் மொட்டும் பூவும் விதையும் தேடி நாள் முழுக்கப் பறக்கிறது. அந்தப் பறவையைக் கூண்டில் உட்கார வைத்து, கிண்ணம் நிறையக் கொழுப்பைக் கொடுத்தால் அது கல்லீரலில் போய்த்தான் படியும். அதன் விளைவாகக் கெரட்டின் சரியாக உருவாகாது, மென்மையாகவும் செதில் செதிலாகவும் கண்டபடி வளரும். சித்தியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விதை விற்பவர்கள் பையின் மேல் கிளிப் படம் போட்டுத்தான் விற்கிறார்கள். இதுதான் உணவு என்று யாரும் நம்பத்தானே செய்வார்கள்.

மாற்றுவதை ஒரே நாளில் செய்யக் கூடாது. விதையை நிறுத்திவிட்டுப் பெல்லட் என்கிற தயாரித்த தீனியை வைத்தால், பசித்தால் தின்னும் என்று நினைப்போம். தின்னாது. விதை மட்டுமே தின்று வளர்ந்த கிளிக்குப் பெல்லட் ஒரு உணவு என்றே தெரியாது. கிண்ணம் நிறைய இருக்கும், கிளி பட்டினி கிடக்கும். கல்லீரல் கெட்ட பறவை பட்டினி கிடந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். அதனால் விதையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, பெல்லட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, தினமும் காலையில் தீனி வைக்கும் முன் எடை பார்க்க வேண்டும். நகை, மசாலா எடை போடுகிற மாதிரி ஒரு கிராம்வரை காட்டும் சமையலறைத் தராசு போதும், மேலே ஒரு குச்சியைப் பொருத்திவிட்டால் கிளி தானே ஏறி உட்காரப் பழகிவிடும். மருத்துவர் மேற்பார்வையில் எடை மெல்லக் குறைவது வேறு. திடீரென்று பத்தில் ஒரு பங்கு குறைந்தால் அது ஆபத்து, அன்றே போன் செய்ய வேண்டும்.

காய் விஷயத்தில் நம் ஊர்ச் சந்தையே போதும். வேகவைத்த சர்க்கரைவள்ளி, துருவிய கேரட், பரங்கிக்காய், முருங்கைக்கீரை, சிவப்புக் குடைமிளகாய் எல்லாவற்றிலும் உடம்பில் போய் வைட்டமின் ஏ ஆகிற சத்து இருக்கிறது. மிளகாயையும் கொடுக்கலாம், பறவைகளுக்குக் காரம் உறைக்காது. வேலியோரக் கோவைப்பழம் கிடைத்தால் கொண்டாட்டம்தான். முதலில் மஞ்சு எதையும் தொடவில்லை. முருங்கைக்கீரையைக் கொத்தாகக் கூண்டின் மேல் ஈரத்தோடு தொங்கவிட்டபோதுதான் வழி பிறந்தது. தலையைத் தேய்த்துக் குளித்துவிட்டு, அப்புறம் ஒரு இலையை இழுத்தது, அப்புறம் காம்பை மென்றது. என் மகள் அதன் எதிரே உட்கார்ந்து தட்டில் கேரட்டை வைத்துச் சாப்பிட்டுக் காட்டுவாள். கூட்டமாகத் தின்று பழகிய இனம், எதிரே ஒருவர் சாப்பிட்டால் தனக்கும் வேண்டும் என்று வந்துவிடும். பெல்லட்டும் அப்படித்தான் உள்ளே போனது.

கொறிக்கக் கொடுப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொய்யாக் கிளை, வேப்பங்கிளை, புளியங்கிளை, பட்டையோடு, மருந்து அடிக்காததாகப் பார்த்து, கழுவிக் காயவைத்துக் கொடுங்கள். தென்னை ஓலை, பனை மட்டை, தேங்காய்ச் சிரட்டை எல்லாம் கிளிக்கு நாள் முழுக்க வேலை வைக்கும். கடையில் கடல்நுரை என்று தருகிற கணவாய் ஓட்டைத் தொங்கவிடுங்கள், அது சுண்ணாம்புச் சத்துக்கு நல்லது. மணல் தாள் சுற்றிய குச்சிகளை மட்டும் வாங்காதீர்கள். அலகு தேயும், நகம் தேயும் என்று சொல்லித்தான் விற்பார்கள். தேய்வது பாதத்தின் அடித்தோல். அது புண்ணாகி வீங்கினால் ஆறுவதற்கு மாதக்கணக்காகும்.

சில மாதங்களில் மஞ்சுவின் அலகிலேயே மாற்றம் தெரிந்தது. அடியில், மூக்குத்துளைக்குக் கீழே, வழவழப்பான புது அலகு. அதற்குக் கீழே பழைய செதில் பகுதி. இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய கோடு. அந்தக் கோடு மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. மறுபடி போனபோது ரத்தத்தில் பித்த அமிலம் இறங்கியிருந்தது, எடை 118. மீதி நீளத்தை அப்போதுதான் மருத்துவர் தைரியமாகத் தேய்த்து எடுத்தார். அதற்குப் பிறகு வெறும் பரிசோதனைக்குத்தான் போகிறோம். மோட்டாரை எடுக்க வேண்டிய தேவை வரவில்லை.

எல்லா நீண்ட அலகுக்கும் கல்லீரல்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. லவ் பேர்ட்ஸ் என்று நாம் ஜோடியாக வாங்குகிற பட்ஜிகளுக்கு அலகைச் சுற்றியும் கண்ணைச் சுற்றியும் தேனடை மாதிரி பொக்கு பொக்காகப் பிடித்திருந்தால் அது ஒரு வகைச் சிற்றுண்ணி. அலகையே கோணலாக வளரவைத்துவிடும். அதற்கு மருந்து இருக்கிறது, சரியாகவும் போகும், ஆனால் கூண்டில் இருக்கிற எல்லாப் பறவைக்கும் சேர்த்துப் பார்க்க வேண்டும். குஞ்சாக இருக்கும்போதே மேல் அலகு ஒரு பக்கமாகச் சாய்ந்து கத்திரிக்கோல் போல வளர்கிற பிரச்சினை உண்டு. அதற்குச் சீக்கிரம் போனால் திருத்தலாம், வளர்ந்த பிறகு ஆயுள் முழுக்கத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டிவரும். அடிபட்டு வேர்ப்பகுதி சேதமானாலும் அப்படித்தான். இறகு உதிர்ந்து, முளைப்பதும் கோணலாக முளைத்து, கூடவே அலகும் உடைந்தால் அது வைரஸாக இருக்கலாம், மற்றப் பறவைகளிடமிருந்து உடனே பிரித்துவிடுங்கள். இவை எதையும் நாம் வீட்டில் பார்த்து முடிவுசெய்ய முடியாது.

வீட்டில் பச்சைக்கிளி வைத்திருப்பவர்கள், "டாக்டர்கிட்ட போனா மாட்டிப்போமா?" என்று தயங்கியே நோயை முற்றவிடுகிறார்கள். 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுப் பச்சைக்கிளியை வளர்க்கவோ விற்கவோ கூடாது. 2022 திருத்தத்துக்குப் பிறகு அது இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. ஆனால் நோய்ப்பட்ட கிளியை மறைத்து வைத்துச் சாகவிடுவதைவிட வனத்துறையிடம் ஒப்படைப்பது எவ்வளவோ நல்லது. சன் கன்யூர், ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி போன்ற வெளிநாட்டு இனங்களுக்கு 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு வேண்டும். சித்தப்பா வீட்டுப் பறவை என்றாலும் அந்தக் காகிதங்களைச் சரிசெய்துகொண்டுதான் நாங்கள் வைத்திருக்கிறோம்.

கடைசியாக, மருத்துவரைத் தேடுவது. நாய் பூனைக்கு நல்ல பெயர் எடுத்த எல்லோரும் பறவை பார்ப்பதில்லை, பார்க்காததை வெளிப்படையாகச் சொல்கிறவர்களை நான் மதிக்கிறேன். போன் செய்யும்போது நான் கேட்பது: கிளிகளை வழக்கமாகப் பார்க்கிறீர்களா, கிராம் தராசு இருக்கிறதா, அலகை எதை வைத்துக் குறைப்பீர்கள், தேவைப்பட்டால் பறவைக்கு ரத்தம் எடுத்துச் சோதிக்க முடியுமா? "அதெல்லாம் எதுக்கு, கொண்டு வாங்க, வெட்டி விட்டுடலாம்" என்று பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டு வைத்துவிடுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு, 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில் இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி, தலைவாசல், உடுமலைப்பேட்டை, தேனி ஆகிய ஊர்களில் உள்ள அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரிகளை முதலில் விசாரியுங்கள். தனியார் மருத்துவர்களில் கிளி பார்க்கிறவர்கள் திருச்சியிலும் மதுரையிலும் வேலூரிலும் யார் யார் என்று கேட்டு எனக்கு நிறையப் பேர் எழுதுகிறார்கள். உங்கள் கிளியை அங்கே காட்டி நல்லபடியாகத் திரும்பியிருந்தால் ஊர்ப் பெயரோடு எனக்குச் சொல்லுங்கள், கேட்கிறவர்களிடம் சேர்த்துவிடுகிறேன்.